ஆள் புழங்குற ஸ்டேஷன்

வாசகர் கேள்வி - பதில்

போன இதழ்ல வீட்டு வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற எடத்த பத்தி எழுதிட்டு இருக்கும்போது, போற போக்குல ஒரு வரி, "நம்ம சென்னைல தூண் மேல ஓடுற பறக்கும் ரயில் ஸ்டேஷனுங்களோட கீழ்த்தளத்த ஊருக்கு திறந்து விட்டா எவ்வளவு நல்லாருக்கும்"னு எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த தடவ வந்த தபால் பூரா. அதனால இந்த வாரம் வேற எதுவும் எடுக்கல, ஸ்டேஷன் மட்டும்தான். நான் கட்டட வேலைல இருக்குறவன், 2007-ல ரயில் வேளச்சேரி வரைக்கும் வந்ததுல இருந்து இந்த லைன்லதான் வேலைக்கு போய் வந்துட்டு இருக்கேன், அதனால பதில் கொஞ்சம் நீளமாவே போயிடுச்சு, பொறுத்துக்கோங்க.

கேள்வி: எனக்கு ஆபீஸ் ஓஎம்ஆர் பக்கம். நைட் ஒன்பதரை மணிக்கு மேல இறங்குறேன். ரயில்ல பயம் இல்ல, பிளாட்பாரத்துலயும் பயம் இல்ல. படி எறங்கி கீழ வந்து மெயின் ரோட்ட தொடுற வரைக்கும் ஒரு மூணு நிமிஷம் இருக்கு பாருங்க, அதுதான். அவ்ளோ பெரிய கட்டடத்துல ஒரு ஆள் கிடையாது. எங்க அண்ணன் டெய்லி பைக்ல வந்து நிக்குறாரு. இத கட்டும்போது யாருமே யோசிக்கலையா சார்? (ஸ்டேஷன் பேர் போடாதீங்க.) – வேளச்சேரி லைன் வாசகி

பதில்: சகோதரி, அந்த மூணு நிமிஷத்த பத்தி இந்த தடவ எழுதுன பெண்கள் கிட்டத்தட்ட எல்லாருமே சொல்லிருக்காங்க. யோசிக்காம கட்டலம்மா, ஆனா வேற எதையோ யோசிச்சு கட்டுனாங்க, அதான் விஷயம்.

இந்த லைன் எங்க போகுதுன்னு மனசுல ஒரு தடவ ஓட்டி பாருங்க. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி, கோட்டூர்புரம், இந்திரா நகர்னு பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாய ஒட்டித்தான் போகுது, பல எடத்துல தூணே கால்வாய்க்குள்ளதான் நிக்குது. காரணம் ரொம்ப சிம்பிள், ஊருக்கு நடுவுல வீடு கடைய இடிச்சு நிலம் எடுக்குறது பெரும்பாடு, கால்வாய் சர்க்கார் எடம், கேக்க ஆள் இல்ல. முதல்ல 1995 நவம்பர் 1-ம் தேதி பீச்ல இருந்து சேப்பாக்கம் வரைக்கும் ஓடுச்சு, 1997-ல மயிலாப்பூர் வந்துச்சு, 2004-ல திருவான்மியூர், 2007-ல வேளச்சேரி. பீச்ல இருந்து வேளச்சேரி வரைக்கும் 18 ஸ்டேஷன், ஏறக்குறைய 19 கிலோமீட்டர்.

ஆனா கால்வாய்ங்குறது நம்ம ஊருக்கு எப்பவோ முதுகுப்பக்கம் ஆயிடுச்சு. 1877-78 பஞ்சத்துல நிவாரண வேலையா, கூலிக்கு ஆள் வச்சு அடையாறயும் கூவத்தயும் சேத்து வெட்டுன கால்வாய் அது, ஒரு காலத்துல உப்பும் விறகும் படகுல வந்து எறங்குன எடம், அப்ப அது ஊரோட வாசல். படகு நின்னதும் எல்லா வீடும் அதுக்கு முதுக காட்டி காம்பவுண்டு சுவர் எழுப்பிடுச்சு, சாக்கடை வந்து சேந்துச்சு. அந்த முதுகுப்பக்கத்துல கொண்டுபோய் ஸ்டேஷன வச்சா, ஸ்டேஷன் வாசல் எங்க தொறக்கும்? ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் யாரோட வீட்டு வாசலும் பாக்காத ஒரு சர்வீஸ் ரோடு. நீங்க நடக்குற மூணு நிமிஷம் அந்த ரோடுதான்.

ரெண்டாவது, கட்டடத்தோட சைஸ். ஸ்டேஷன் மாடிலயும் கீழயும் கடை, ஆபீஸ் எல்லாம் வரும், அந்த வாடகை ரயிலுக்கு கை கொடுக்கும்னு நெனச்சு தளம் தளமா போட்டாங்க. நெனப்பு தப்பே இல்ல. ஆனா நெனச்ச அளவுக்கு கடை வரல, தளம் மட்டும் வெறும் சிமென்ட்டா நிக்குது. ஆயிரம் பேர் நடமாட வேண்டிய ஹால்ல பத்து பேர் இறங்கி பத்து திசைல போனா, அங்க ஒவ்வொருத்தரும் தனி ஆள்தான். இதே பத்து பேர ஒரு சின்ன ஷெட்டுக்குள்ள விடுங்க, பேச்சு சத்தம் கேக்கும், பயம் இருக்காது. எடம் பெருசாக பெருசாக ஆளுக்கு தெம்பு குறையும்னு எங்க தொழில்ல வேலை பாத்து பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டோம்.

ஒண்ணு சொல்றேன். நான் இறங்குற ஸ்டேஷன்ல (நானும் பேர் சொல்லல) கடைசி படிக்கு பக்கத்துல ஒரு அம்மா பூ வச்சிருந்தாங்க. கடைன்னு சொல்ல முடியாது, ஒரு பலகை, அது மேல நனைஞ்ச கோணிச்சாக்கு, அதுல மல்லி, கொஞ்சம் கனகாம்பரம், பக்கத்துல வாழநார் ஒரு கட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு வந்தா ராத்திரி ஒன்பதே முக்கால் ரயில் போன பிறகுதான் எழுந்திருப்பாங்க. முழம் போட்டுக்கிட்டே படியில எறங்குற ஒவ்வொருத்தர் முகத்தையும் பாப்பாங்க, டெய்லி எறங்குற பொண்ணு ஒரு நாள் வரலன்னா அடுத்த நாள் "என்னா பாப்பா நேத்து காணோம்"னு கேப்பாங்க. டியூஷன் போற பசங்க சாவிய அவங்ககிட்ட குடுத்துட்டு போகும், அம்மா வந்து வாங்கிக்கும். படிக்கு கீழ யாராச்சும் தண்ணி போட்டுட்டு நின்னா இவங்க குரல் ஒண்ணு போதும், "இன்னாப்பா இங்க நிக்குற"ன்னு. ஒரு லைட்டு கூடுதலா போடல, ஒரு போலீஸ் கூட நிக்கல, அந்த படி ராத்திரி பத்து மணி வரைக்கும் பத்திரமா இருந்துச்சு. ஒரு நாள் அவங்கள அங்க உக்காரக்கூடாதுன்னு எழுப்பிட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து அந்த படியில எறங்குற பெண்கள் எல்லாம் ரோட்டு மேல இருக்குற இன்னொரு படிக்கு, சுத்துன்னு தெரிஞ்சும், போக ஆரம்பிச்சாங்க. இத நான் என் கண்ணால பாத்தேன்.

அதனால என்ன பண்ணலாம்னு கேட்டா, எனக்கு முதல் பதில் அந்த பூக்காரம்மாதான். படி எறங்குற எடத்துல, எறங்குறவங்க முகம் தெரியுற மாதிரி, பத்தடிக்கு எட்டடில நாலு சின்ன கடை. பெரிய ஷோரூம் வேணாம். டீ, பூ, செருப்பு தைக்குறவர், ஜெராக்ஸ். வாடகை கம்மியா, ஆனா கடைசி ரயில் போற வரைக்கும் தொறந்திருக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிக்கணும். சிசிடிவிய நான் வேணாம்னு சொல்லல, ஆனா அது நடந்ததுக்கு அப்புறம்தான் பாக்கும், அந்தம்மா நடக்குறதுக்கு முன்னாடியே பாப்பாங்க.

கேள்வி: கடை வந்தா கூட்டம் வரும், கூட்டம் வந்தா குப்ப வரும், ரவுடிங்க வருவாங்க. ஸ்டேஷன் ஸ்டேஷனா இருக்கட்டுமே ஐயா, ரயில் ஏற எடம் இருந்தா போதாதா? – ரிட்டயர்டு வாசகர், மந்தைவெளி

பதில்: ஐயா, உங்க கவலைல நியாயம் இருக்கு. ஆனா கூட்டம் இல்லாத எடத்துலதான் நீங்க பயப்படுறவங்க வர்றாங்க. ஜப்பான்ல யோகோஹாமா ஊர்ல கோகனேச்சோன்னு ஒரு ஏரியா இருக்கு, அங்க கேக்யூ கம்பெனியோட ரயில் மேம்பாலத்து மேல ஓடுது, கீழயும் பக்கத்துலயும் சின்ன சின்ன கடைங்க. பேருக்கு பாரு, சாப்பாட்டு கடை, உள்ள நடந்தது பெண்கள வச்சு தொழில். 2005-ல போலீஸ் பெரிய அளவுல எறங்கி எல்லாத்தையும் மூடுனாங்க. மூடுன உடனே ஊர் சரியாகிடல, தெரு பூரா காலியான ஷட்டர், முன்னாடி தப்பான ஆளுங்க இருந்தாங்க, இப்ப ஆளே இல்ல. அப்பதான் அந்த தெரு ஜனங்களும் நகராட்சியும் ரயில் கம்பெனியும் காலேஜும் சேந்து உக்காந்து பேசி, பாலத்துக்கு அடியில படம் வரையுறவங்க, சிற்பம் பண்றவங்களுக்கு பட்டறை கட்டி குடுத்தாங்க, 2008-ல இருந்து அங்க கலைத் திருவிழா நடக்குது. துரத்துனது போலீஸ், ஆனா எடத்த காப்பாத்துனது அதுக்கப்புறம் வந்து உக்காந்த ஆளுங்க.

குப்பைய பத்தி சொன்னீங்க. குப்ப வரத்தான் செய்யும், அதுக்கு தொட்டி, தண்ணி கனெக்‌ஷன், வடிகால் எல்லாம் கடைய கட்டும்போதே போடணும். நம்ம ஊர்ல கடைய விட்டுட்டு குழாய மறந்துடுறோம், பாத்திரம் கழுவுன தண்ணி நடைபாதைல ஓடுது, அப்புறம் கடைக்காரர் மேல கோவப்படுறோம். இன்னொண்ணு, ரயில்வே எடத்துக்குள்ள அனுமதி இல்லாம விக்குறது ரயில்வே சட்டப்படி குத்தம், ஆனா ரோட்டு ஓர வியாபாரிங்களுக்கு 2014-ல இருந்து தனியா ஒரு பாதுகாப்பு சட்டம் இருக்கு. ஸ்டேஷன் வாசல்ல இந்த ரெண்டு சட்டமும் முட்டிக்குது, கோடு எங்கன்னு தெரியாததால தினம் ஒரு விரட்டல். அந்த கோட்ட பிளான் போடும்போதே வரைஞ்சு, இந்த எடம் வியாபாரத்துக்குன்னு ஒதுக்கி குடுத்துட்டா பாதி சண்டை இருக்காது.

கேள்வி: நான் இருக்குறது மெல்போர்ன், கிளேட்டன் பக்கம். இங்க எங்க லைன தூக்கி மேல வச்சாங்க, இப்ப கீழ பார்க்கு, சைக்கிள் பாத, பசங்க பாஸ்கெட்பால் ஆடுற எடம் எல்லாம் இருக்கு. ஊருக்கு வரும்போது நம்ம மயிலாப்பூர் ஸ்டேஷன பாத்தா வயிறு எரியுது. இது நம்மூர்ல நடக்குமா அண்ணா?

பதில்: நடக்கும் தம்பி, ஆனா உங்க ஊர்ல அது எப்படி நடந்ததுன்னு முழுசா சொல்லிடணும், இல்லன்னா நம்மாளுங்க வெள்ளக்காரன் ஊரு, காசு இருக்கு, பண்றான்னு சொல்லிட்டு போயிடுவாங்க.

வாசகருங்களுக்காக சொல்றேன், மெல்போர்ன்ல கால்ஃபீல்டுக்கும் டான்டினாங்குக்கும் நடுவுல ரயில்வே கேட்டு ஒன்பது இருந்துச்சு, காலைல கேட்டு போட்டா ரோடு அப்படியே நிக்கும். அந்த ஒன்பதயும் எடுத்துட்டு தண்டவாளத்த மேல தூக்குனாங்க, அஞ்சு ஸ்டேஷன் புதுசா கட்டுனாங்க, 2018-ல முடிஞ்சுது, இவர் சொல்ற கிளேட்டனும் அதுல ஒண்ணு. 2016-ல இந்த பிளான சொன்னப்ப ஜனங்க சும்மா இருக்கல, எங்க வீட்டு பின்னாடி பாலம் வரக்கூடாது, வெளிச்சம் போயிடும், கீழ கண்டவனும் வந்து படுப்பான்னு பெரிய போராட்டம் பண்ணாங்க. அந்த பயம் சரியான பயம், அதனாலதான் டிசைன் நல்லா வந்துச்சுன்னு நான் நம்புறேன். போற தண்டவாளத்துக்கு ஒரு பாலம், வர்ற தண்டவாளத்துக்கு ஒரு பாலம்னு தனித்தனியா பிரிச்சு நடுவுல இடைவெளி விட்டாங்க, அந்த எடைவெளில வெயிலும் மழையும் கீழ எறங்குது, அதனால கீழ செடி மொளைக்குது. லைன ஒட்டியும் பாலத்துக்கு அடிலயுமா 17 கிலோமீட்டருக்கு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாத போட்டாங்க. ஏறக்குறைய 22 ஹெக்டேர் எடம் ஊருக்கு கிடைச்சுது, நம்ம கணக்குல 55 ஏக்கர் பக்கம்.

இதுல நாம எடுத்துக்க வேண்டியது புல்வெளி இல்ல. நம்ம வெயிலுக்கு புல்லு நிக்காது, தண்ணி ஊத்த ஆள் கிடையாது. எடுத்துக்க வேண்டியது, பாலத்துக்கு அடில இருக்குற எடத்தயும் ஸ்டேஷனோட சேத்தே வரைஞ்சாங்கன்றதத்தான். நம்ம ஊர்ல தண்டவாளத்துக்கு மேல இருக்குறதுக்கு நூறு டிராயிங் இருக்கும், கீழ இருக்குறதுக்கு ஒண்ணு கூட இருக்காது, கீழ வெள்ளையா விட்டிருப்பாங்க.

அப்புறம் நமக்குன்னு ஒரு சவுகரியம் இருக்கு, அது அவங்களுக்கு இல்ல. நம்ம வெயிலுக்கு பாலத்து நிழல் ஒரு வரம். ஏப்ரல் மாசம் ரெண்டு மணிக்கு மேம்பாலத்துக்கு அடில போய் பாருங்க, ஆட்டோக்காரர் கால நீட்டி தூங்குவாரு, டெலிவரி பசங்க வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருப்பாங்க, கரும்பு ஜூஸ் வண்டி நிக்கும். கிராமத்துல அரசமரத்து மேடைல என்ன நடக்குமோ அது அங்க நடக்குது, மேட மட்டும்தான் இல்ல. தூண சுத்தி முட்டி உயரத்துக்கு, ஒண்ணரை அடில ஒரு மேட கட்டி விட்டா போதும், எந்த ஆர்க்கிடெக்ட்டும் வேணாம், ஒரு நல்ல கொத்தனார் போதும்.

கேள்வி: எனக்கு முட்டி ஆபரேஷன் ஆகி மூணு வருஷம். ரயில் டிக்கெட் அஞ்சு ரூவா பத்து ரூவா, ஆனா படி ஏற முடியாம ஆட்டோவுக்கு நூத்தம்பது குடுக்குறேன். சாய்தளம் வச்சா என்ன? – வாசகி, திருவான்மியூர்

பதில்: அம்மா, சாய்தளம் மட்டும் வச்சா உங்களுக்கு கஷ்டம்தான். கணக்கு பாருங்க, ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேணும், அதுக்கு மேல சரிவா வச்சா சக்கர நாற்காலி தள்ள முடியாது. பிளாட்பாரம் தரைல இருந்து 7 மீட்டர் உயரம்னு வச்சுக்கோங்க, 84 மீட்டர் சாய்தளம், நடுநடுவுல நின்னு மூச்சு வாங்க சமதளம் வேற விடணும், எல்லாம் சேத்தா 100 மீட்டர்கிட்ட வந்துடும். முட்டி வலியோட 100 மீட்டர் ஏத்தம் யாரால முடியும். அதனால லிஃப்ட்தான், அதுவும் ஒண்ணு போதாது. ஒண்ணு இருந்தா அது ரிப்பேர் ஆன அன்னைக்கு நீங்க மேல மாட்டிக்குவீங்க. பிளாட்பாரத்துக்கு ரெண்டு, கண்ணாடி வச்ச லிஃப்ட், உள்ள யார் இருக்காங்கன்னு வெளிய தெரியணும், வெளிய யார் நிக்குறாங்கன்னு உள்ள தெரியணும். அந்த கதவு டீக்கடைக்கு எதிர்ல தொறக்கணும், பின்னாடி மூலைல வச்சா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல யாரும் ஏற மாட்டாங்க. டாய்லெட்டும் அப்படித்தான், டிக்கெட் கவுன்டர்ல உக்காந்திருக்குறவர் கண்ணுல படுற எடத்துல லேடீஸ் டாய்லெட் வாசல் இருக்கணும்.

உங்கள மாதிரி பெரியவங்களுக்குன்னே ஒரு எடம் நெனவுக்கு வருது. சிங்கப்பூர்ல அட்மிரல்டின்னு மேல ஓடுற எம்ஆர்டி ஸ்டேஷன், அதுக்கு ஒட்டுனாப்புல கம்போங் அட்மிரல்டின்னு ஒரு கட்டடம். கீழ யார் வேணா வந்து உக்காரலாம், திறந்த முற்றம், அதுக்கு மேல சாப்பாட்டு கடைங்க, அதுக்கு மேல ஆஸ்பத்திரி, மேல் மாடில வயசானவங்களுக்கு வீடு, புள்ளைங்கள பாத்துக்குற எடம் வேற. 2018-ல உலக ஆர்க்கிடெக்சர் விழாவுல அந்த வருஷத்தோட சிறந்த கட்டடம்னு பரிசு வாங்குச்சு. பரிசு பெருசில்லம்மா, ஒரு பாட்டி ரயில்ல எறங்கி பிரஷர் பாத்துட்டு, பேரன கூப்டுக்கிட்டு, சாப்ட்டுட்டு வீட்டுக்கு போக ரோட்டையே கடக்க வேணாம்ன்றதுதான் பெருசு. நம்ம காலி தளத்துல ஒரு ஓரமா ஒரு ரத்த டெஸ்ட் சென்டர், ஒரு மருந்து கடை, ஒரு பாலர் பள்ளி வந்தா கூட போதும்.

கேள்வி: எங்க நவி மும்பைல வாஷி ஸ்டேஷன் மேலயே பெரிய ஐடி கட்டடம் இருக்கு. உங்க சென்னைல ஏன் முடியல? – வாஷி வாசகர்

பதில்: அங்க ஊரையும் நிலத்தையும் ஸ்டேஷனையும் ஒரே கை பாத்துக்கிச்சு, சிட்கோ, மகாராஷ்டிரா அரசோட நகர வளர்ச்சி நிறுவனம். ரயில் லைன் செலவுல 67 சதவீதம் சிட்கோ, 33 சதவீதம் ரயில்வேன்னு பேசி முடிச்சு, 1992-ல வாஷிக்கு ரயில் வந்துடுச்சு, ஸ்டேஷனோட மேல் எடத்த வித்து போட்ட காச எடுத்தாங்க. இங்க ரயில ஓட்டுறது ரயில்வே, காசுல பெரும்பங்கு போட்டது மாநில அரசு, காலி தளம் ஒருத்தர் பேர்ல, படி இன்னொருத்தர் பேர்ல, வெளிய ரோடு மாநகராட்சி, கால்வாய் இன்னொரு துறை. ஒரு பல்பு ஃபியூஸ் போனா யார் மாத்தணும்னே நாலு பேர கேக்கணும். 2025-ல, இந்த லைன மெட்ரோ நிறுவனத்துகிட்ட குடுக்க ரயில்வே போர்டு கொள்கை அளவுல சம்மதம் சொல்லியிருக்கு, ஒரே கைக்கு வந்தா நல்லதுதான்னு நெனைக்கிறேன். ஆனா ஒரு கவலையும் இருக்கு. மெட்ரோன்னா கேட்டு, ஸ்கேனர், பைய தொறந்து காட்டுன்னு வந்துடும். இப்ப இந்த ஸ்டேஷனுங்கள்ல அதெல்லாம் கிடையாது, யார் வேணா உள்ள வந்து மறுபக்கம் போயிடலாம், அது ஒரு பெரிய சுதந்திரம். கேட்டு வைக்கணும்னா பிளாட்பாரத்துக்கு ஏறுற படிகிட்ட வைங்க, தரைத்தளத்துல வைக்காதீங்க. தரை ஊருக்கு.

அதோட வாஷிய அப்படியே காப்பி அடிக்கவும் வேணாம். ஆபீஸ் வந்தா வாடகை வரும், ஆனா ஆபீஸ்காரங்க சாயங்காலம் கெளம்பிடுவாங்க, ஞாயித்துக்கிழமை வரவே மாட்டாங்க. முதல் கேள்வி கேட்ட சகோதரி எறங்குறது ஒன்பதரைக்கு. அந்த நேரத்துக்கு யார் இருப்பாங்களோ அவங்களுக்கு முதல்ல எடம் குடுங்க.

கேள்வி: கோட்டூர்புரத்துல அண்ணா நூலகம் இருக்கே, அங்க போற வழில ஏதாவது பண்ண முடியாதா? – போட்டித் தேர்வு மாணவர்

பதில்: 2010-ல தொறந்த நூலகம், நடந்து போற தூரத்துல ரயில் ஸ்டேஷன். வழி நெடுக நிழலும், வெளிச்சமும், உக்கார நாலு எடமும் இருந்தா போதும், நூலகம் ஸ்டேஷன்லயே ஆரம்பிச்ச மாதிரிதான். இன்னொரு யோசனை, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு ரூம், நாப்பது நாற்காலி, நல்ல டியூப்லைட், ஒரு ஃபேன், செல்போன் சார்ஜ் போட பிளக்கு. வீட்ல ஒரே ரூம்ல அஞ்சு பேர் இருக்குற பசங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து படிப்பாங்க. நாப்பது பேர் படிச்சுட்டு இருக்குற ஒரு ஜன்னல் வெளிச்சம் படிக்கட்டுல விழுந்தா அந்த படில யாருக்கும் பயம் இருக்காது.

கேள்வி: நான் ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம். பறக்கும் ரயில் ஸ்டேஷன் ஒண்ண சமூகக் கூடமா மாத்துறதுதான் என் தீசிஸ். எங்கேர்ந்து ஆரம்பிக்குறதுன்னு தெரியல சார். 3டி வ்யூ நல்லா வந்திருக்கு, ஆனா கைட் ஏதோ குறையுதுன்னு சொல்றாங்க.

பதில்: கம்ப்யூட்டர மூடிட்டு, அந்த ஸ்டேஷனுக்கு காலைல முதல் ரயிலுக்கு போங்க தங்கச்சி, கடைசி ரயில் வரைக்கும் இருங்க. ஒரு நாள் போதாது, ஒரு வேல நாள், ஒரு ஞாயிறு, முடிஞ்சா ஒரு மழை நாள்.

மழை நாள் ஏன்னு சொல்றேன். பாலம் ஒரே துண்டு கிடையாது, தூணுக்கு தூண் ஒரு ஸ்பான், ரெண்டு ஸ்பான் சேருற எடத்துல ஒரு ஜாயின்ட் இருக்கும், வெயில்ல விரியறதுக்காக விடுறது. மழை நின்னு அரை மணி ஆனாலும் அந்த ஜாயின்ட்ல இருந்து தண்ணி ஒரு கோடு போட்ட மாதிரி சொட்டிக்கிட்டே இருக்கும். கீழ நடக்குறவங்க அந்த எடம் வந்ததும் ஒரு எட்டு பெருசா வச்சு தாண்டுவாங்க, தினம் போறவங்க பாக்காமலே தாண்டுவாங்க. மேல இருந்து மழைத்தண்ணிய கீழ எறக்குற டவுன்டேக் பைப்பு பல எடத்துல முட்டி உயரத்துல ஒடஞ்சு அங்கேயே தண்ணி கொட்டும், சுத்தி பாசி. நீங்க 3டில போட்ட பெஞ்சு அந்த கோட்டுக்கு நேர் கீழ இருக்கலாம், உங்க மேடை அந்த பைப்புக்கு பக்கத்துல இருக்கலாம். அங்க போய் நனைஞ்சாத்தான் தெரியும். மழைய பத்தி யோசிக்கும்போதே இன்னொண்ணும் யோசிங்க, வேளச்சேரில மழை எச்சரிக்கை வந்தா ஜனங்க காரக் கொண்டுபோய் மேம்பாலத்து மேல நிறுத்துறத பாத்திருப்பீங்க. தண்ணி எட்டாத உயரத்துல கூரையோட இருக்குற இவ்ளோ பெரிய தளத்துல காருக்கு முன்னாடி மனுஷங்க ஏறி நிக்கலாமே. ஒரு சமையல் எடம், குடிதண்ணி டேங்க், நாலு டாய்லெட், ஜெனரேட்டர் வைக்க ஒரு மேடு, மத்த நாள்ல அதே எடம் சமூகக் கூடம், கல்யாண வரவேற்பு, யோகா கிளாஸ், தேர்தல் பூத்து எதுவா வேணா இருக்கட்டும்.

அப்புறம் யார் எங்க நிக்குறாங்கன்னு மணிக்கு ஒரு தடவ பேப்பர்ல புள்ளி வையுங்க. நிழல் நகர நகர புள்ளியும் நகரும், அத பாத்தா பெஞ்சு எங்க வேணும்னு அதுவே சொல்லும். ஆம்பள புள்ளி, பொம்பள புள்ளி வேற வேற கலர்ல வையுங்க, எத்தன மணிக்கு ஒரு கலர் காணாம போகுதுன்னு குறிச்சுக்கோங்க, உங்க தீசிஸ் அந்த மணிலதான் இருக்கு. கடைக்காரங்ககிட்ட பேசுங்க, ஆனா முதல்ல ஒரு டீ வாங்கி குடிச்சுட்டு பேசுங்க, உடனே நோட்ட எடுக்காதீங்க.

கட்டடத்த இடிச்சு புதுசா கட்டாதீங்க, அந்த சிமென்ட்டு தூணும் தளமும் நல்லா பலமாத்தான் நிக்குது. கீழ்த்தளத்து சுவர எடுங்க, ரோட்டு பக்கமும் கால்வாய் பக்கமும் பாக்க விடுங்க, ரெண்டு கரைலயும் இருக்குற ஜனங்களுக்கு ஒரு நடைபாலம் போட்டு ஸ்டேஷனுக்குள்ளாறயே கடந்து போக வழி குடுங்க, டிக்கெட் எடுக்காம. கறிகாய் வாங்க போற ஒரு அம்மா ரயிலே ஏறாம தினம் ரெண்டு தடவ உங்க ஸ்டேஷன் வழியா போனாங்கன்னா பாதி வேல முடிஞ்சுது.

டிராயிங் முடிஞ்சதும் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க. 3டி வேணாம், கட்டடத்த நெட்டுக்கு வெட்டி பாத்த மாதிரி வரையுற செக்‌ஷன் மட்டும் போதும். அதுல ரயிலுக்கு கீழ எத்தன ஆள வரைஞ்சிருக்கீங்க, அவங்க என்ன பண்ணிட்டு இருக்காங்கன்னு பாக்கணும்.